இரவு ஒன்பது மணி வெயில்

எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வெயில் இரவு ஒன்பது மணிக்குத்தான் அடிக்கும். எழுத்துப் பிழை இல்லை, இரவு ஒன்பதுதான். மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து ஏதாவது படிக்கலாம். நான்கு மணி வரைகூடச் சமாளித்துவிடலாம். சூரியன் மறைந்து, வெளியே காற்றில் சூடு இறங்கி, அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரத்தில்தான் உள்ளே அனல் இறங்க ஆரம்பிக்கும். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளையடித்த சாதாரணக் கூரை. ஆனால் கட்டிலில் படுத்தவுடன் முகத்துக்கு நேரே யாரோ அடுப்பைக் கவிழ்த்துப் பிடித்திருப்பது போல இருக்கும்.

அந்த அறை அப்பாவுடையது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் இந்த வீட்டை நின்று கட்டியவர் என்பதால் கீழே வந்து படுங்கள் என்றால் கேட்கமாட்டார். ராத்திரி எழுந்து மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஆறல" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுப்பார். பதினொரு மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. சுவருக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

இந்தத் தாமதத்துக்குக் கணக்கு இருக்கிறது. கான்கிரீட் வெயிலை உடனே உள்ளே அனுப்பாது, முதலில் தான் வாங்கி வைத்துக்கொள்ளும். 15 செ.மீ. கனமுள்ள தளத்தின் மேல்பக்கம் உச்சச் சூட்டைத் தொட்டால், அந்த உச்சம் அடிப்பக்கத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். எங்கள் தளத்தின்மேல் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட கலவை இன்னொரு 10 செ.மீ. இருக்கிறது. ஆக 25 செ.மீ., ஆறரை ஏழு மணி நேரம். மாடித் தரை உச்சத்துக்குப் போவது மதியம் ஒன்றரை இரண்டு மணிக்கு. கூட்டிப் பாருங்கள், ஒன்பது மணி வந்துவிடும். மேற்குச் சுவர் 23 செ.மீ. செங்கல். அதன்மேல் வெயில் உறைப்பது மாலை நான்கு மணிக்கு, அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம். அப்பா பதினொரு மணிக்குக் கை வைத்துப் பார்த்தது சரியான நேரம்தான். கூரை முதல் ஷிப்ட், சுவர் இரண்டாவது ஷிப்ட்.

இதில் வெப்பமானியை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. அறைக் காற்று 32 டிகிரி என்று அது காட்டும். 32 டிகிரியில், மின்விசிறிக்கு அடியில், மனிதர் ஓரளவு தூங்கலாம். அப்பாவால் முடியவில்லை. காரணம், நம் உடம்பு காற்றை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. சுற்றியிருக்கும் பரப்புகளின் கதிர்வீச்சையும் அதே அளவு எடுத்துக்கொள்கிறது. தூரத்திலிருந்தே பரப்பின் சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக் கூரையை நோக்கிப் பிடித்தேன். 42 காட்டியது. தலைக்கு மேலே, அறை அகலத்துக்கு, 42 டிகிரியில் ஒரு பலகை. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பெரிய ஏசி வாங்கினோம். ஒன்றரை டன் போதாது, இரண்டு டன் போடுங்கள் என்றார்கள், போட்டோம். ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே இறைக்கும் திறன். கூரையிலிருந்து வருவதை இன்னொரு பக்கம் இறைத்துக்கொண்டே இருந்தது. ஓட்டைப் படகில் பெரிய வாளி வாங்கிய கதை. ஓட்டையை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஃபால்ஸ் சீலிங். வீட்டு உள் அலங்கார வேலை செய்கிற ஒருவர் வந்து, கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டி அதன் கீழே ஜிப்சம் பலகை அடித்துவிட்டால் அறை மலைப்பிரதேசம் மாதிரி ஆகிவிடும் என்றார். இரண்டே நாள் வேலை, மாடியை உடைக்க வேண்டாம். எனக்கும் அது பிடித்திருந்தது. நியாயமாகச் சொன்னால், வேலை செய்யத்தான் செய்தது. ஏசி போட்டவுடன் அறை சீக்கிரம் குளிர்ந்தது, கூரையின் அனல் முகத்தில் அடிக்கவில்லை. ராத்திரி மட்டும் ஏசி ஓடுகிற, பகலில் பூட்டிக் கிடக்கிற அறைக்கு உள்பக்க இன்சுலேஷன், அதாவது வெப்பத்தை மறிக்கும் போர்வை, மோசமான யோசனை இல்லை. குளிர வைக்க வேண்டியது அறைக்குள் இருக்கும் காற்றை மட்டும்தானே, கனமான தளத்தை இல்லையே.

ஆனால் தளம் அங்கேயே, அதே வெயிலில் கிடக்கிறது. பகலில் கொதிக்கிறது, இரவில் ஆறுகிறது. 10 மீட்டர் நீளமான கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் திரும்பச் சுருங்கும். தினமும் இதே ஆட்டம். நாற்பது வருட ஆட்டத்தில் ஏற்கெனவே தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள் இருந்தன. அடியில் நாங்கள் போர்வை போட்டதில் அந்தச் சூடு இறங்க வழியில்லாமல் போனது, தளத்தின் கஷ்டம் கூடத்தான் செய்தது. மழை வந்தபோது தண்ணீர் உள்ளே வந்தது. முன்பென்றால் கூரையில் ஈரம் படர்வது மறுநாளே கண்ணுக்குத் தெரியும். இப்போது ஜிப்சம் பலகை மறைத்துக்கொண்டிருந்தது. தெரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

ஒரு நாள் விளக்கு விட்டு விட்டு எரிய, மின்வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். பலகையில் ஒன்றைக் கழற்றினார். முதலில் வாடைதான் இறங்கியது, பழைய கோணிப்பை ஈரமான வாடை. பலகையின் பின்பக்கம் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தவர், "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டு வரேன்" என்று இறங்கி ஓடினார். திரும்பி வந்து ஒரு ஒயரைத் தொட்டுக் காட்டினார். தெர்மாகோலில் பதிந்து, அதோடு ஒட்டிப்போயிருந்தது. ஒயர் இருந்த இடத்தில் தெர்மாகோல் உருகியது போலக் குழிந்திருந்தது. விரலால் வளைத்தார். மேலுறை காய்ந்த மெழுகு மாதிரி உதிர்ந்து உள்ளேயிருந்த செம்பு பளபளத்தது.

எலி கடித்தது என்று நினைத்தேன். எலி இல்லை. ஒயரின் பிவிசி மேலுறை வளைய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு வகை மென்மையாக்கி கலந்திருப்பார்கள். தெர்மாகோல், அதாவது பாலிஸ்டைரீன், பிவிசியோடு ஒட்டிக் கிடந்தால் அந்த மென்மையாக்கி மெல்ல மெல்ல இதற்குள் இடம் மாறிவிடும். இது குழைந்துபோகும், அது நொறுங்கிப்போகும். சூடு இருந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய் இருந்திருந்தால் போதும். குழாய்க்குள் போகும் ஒயருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. வேலை செய்தவருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு வருடம் அப்பா அதற்குக் கீழேதான் தூங்கினார். இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பழைய வீட்டில் இன்சுலேஷன் என்பது ஒயரிங்கோடு சேர்ந்த வேலை என்பதை ஒரு நாடே பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு 2009இல் வீடுகளின் கூரைக்கு இலவசமாக இன்சுலேஷன் போட்டுத்தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது, வேகம் அளவுக்கு மீறியது. அனுபவமில்லாத ஆட்கள் கூரைக்குள் ஏற்றப்பட்டார்கள். வேலை செய்த நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெப்பத்தினாலேயே. அலுமினியத் தகடு போன்ற ஃபாயிலை உலோகப் பின்களால் அடிக்கும்போது பின் ஒயரைத் துளைத்ததும் மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று. 2010 பிப்ரவரியில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், 2013இல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. வெயில் நேரத்தில் யாரையும் கூரைப் பொந்துக்குள் அனுப்பக் கூடாது, மெயினை அணைக்காமல் எதையும் அடிக்கக் கூடாது என்ற இரண்டு சாதாரண விஷயங்கள்.

எல்லாவற்றையும் பிரித்துக் கீழே போட்ட பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எதைப் போடுவது என்பது இல்லை, எந்தப் பக்கம் போடுவது என்பதுதான் எனத் தெரிந்தது.

இன்சுலேஷன் எதுவும் குளிர்ச்சியைத் தராது. வெப்பம் வருகிற வழியில் உட்கார்ந்து மறிக்கும், அவ்வளவுதான். மறிப்பதும் அந்தப் பொருள் இல்லை, அதற்குள் அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று. தெர்மாகோல், கண்ணாடி இழை, கல்லிழைப் பஞ்சு எல்லாமே காற்றை ஓடவிடாமல் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவைக்கும் ஏற்பாடுகள். வெப்பம் ஒரு பொருளின் வழியே எப்படிக் கடக்கிறது என்பதற்கு 1822இலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே கணக்கு எழுதி வைத்துவிட்டார். கனம் கூடினால் தடை கூடும், பொருள் நன்றாகக் கடத்தினால் தடை குறையும். (நெப்போலியனோடு எகிப்து போய் வந்த மனிதர். திரும்பி வந்தபின் எந்நேரமும் கம்பளியைச் சுற்றிக்கொண்டே இருப்பார் என்று சொல்வார்கள். அப்பாவின் அறையில் ஒரு ராத்திரி தங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.) ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு சுலபமாக விடும் என்பதைக் காட்டுவது கடத்தும் எண். கான்கிரீட்டுக்கு அது சுமார் 1.5. எக்ஸ்.பி.எஸ். எனப்படும் இறுக்கமான நுரைப் பலகைக்கு சுமார் 0.03. ஐம்பது மடங்கு வித்தியாசம். 5 செ.மீ. நுரைப் பலகை தடுப்பதைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் இரண்டரை மீட்டர் கனத்துக்குத் தளம் போட வேண்டும்.

அப்படியானால் 20 செ.மீ. போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 15 செ.மீ. வெறும் தளத்தின்மேல் இரண்டரை செ.மீ. பலகை போட்டாலே வெப்ப வரத்து கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஐந்து போட்டால் 80ஐத் தாண்டும். பத்து போட்டால் 90. முதல் இரண்டரை செ.மீ.தான் ராஜா, பின்னால் வருவதெல்லாம் பரிவாரம். வெயில் நாட்டில் ஒரு பழைய வீட்டுக்கு ஐந்திலிருந்து ஏழரை செ.மீ. வரை நியாயம். அதற்கு மேல் போடுகிற பணத்தை ஜன்னலுக்குக் கொடுத்தால் அதிகப் பலன் கிடைக்கும்.

இதே கணக்கை வைத்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் போதும், ஆறு அங்குல இன்சுலேஷனுக்குச் சமம் என்று விற்கப்படும் பெயிண்ட்கள் உண்டு. பீங்கான் மணி, நானோ என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள். அசையாத காற்றின் கடத்தும் எண் 0.025. அந்த ஒரு மில்லிமீட்டர் முழுக்கக் காற்றாகவே இருந்தாலும், மூன்று செ.மீ. நுரைப் பலகையோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்கு தடைதான் வரும். அந்தப் பெயிண்டில் பயன் இருந்தால் அது வெள்ளை நிறத்தால் வருவது. வெள்ளைக்குக் கொடுக்க வேண்டிய விலையை மட்டும் கொடுங்கள்.

வெள்ளையைக் குறைவாக எடைபோடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட் வரை விழுகிறது. அழுக்கேறிய வெறும் கான்கிரீட் அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். மாடியில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021இல் சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு ஒன்றை உருவாக்கினார்கள், பேரியம் சல்பேட் கலந்து. கடையில் டப்பாவில் வாங்குவது அது இல்லை. வாங்கியதும் தூசியும் பாசியும் ஏற ஏற மங்கிக்கொண்டே வரும். வெயில் காலம் தொடங்கும் முன் வருடா வருடம் தேய்த்துக் கழுவினால்தான் உண்டு. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். வெள்ளை அடியுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

நாங்கள் இரண்டாவது முறை வெளியே, தளத்துக்கு மேலே போடுவது என்று முடிவு செய்தோம். வெளியே போட்டால் தளத்துக்கு வெயிலே தெரியாது. நீளவும் சுருங்கவும் வேலையில்லை. அதோடு, அத்தனை டன் கான்கிரீட்டும் நம் பக்கம் வந்துவிடும். ராத்திரிக் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு பகலில் திருப்பித் தரும். எதிரியாக இருந்த கனம் கூட்டாளியாகிவிடும். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1964இல் கெய்ரோவில் சோதனை வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். 50 செ.மீ. கனமுள்ள மண்கல் சுவர் வீட்டில் ஒரு நாள் முழுக்க உள்வெப்பம் 2 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கவில்லை. 10 செ.மீ. கான்கிரீட் பலகைகளால் கட்டிய வீட்டில் 36 டிகிரி வரை போனது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "மண் வீட்ட இடிச்சிட்டுத்தானே நான் இதக் கட்டினேன்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

வேலை வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தவறு நடப்பது பொருளில் இல்லை, வரிசையில். முதலில் வெடிப்பு. தலைமுடி வெடிப்பைக்கூட V வடிவில் கீறித் திறந்து அடைக்க வேண்டும், மேலே பூசி மறைத்தால் அடுத்த வெயிலில் திரும்பி வரும். கீழ்ப்பக்கத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்திருந்தால் இன்சுலேஷன் பேச்சையே நிறுத்திவிட்டுத் தளத்தை ஒரு பொறியாளரிடம் காட்ட வேண்டும். எடைக் கணக்கும் அவரிடம் கேட்க வேண்டியதுதான். நுரைப் பலகைக்கு எடையே கிடையாது, ஆனால் அதன்மேல் 5 செ.மீ. கான்கிரீட் போட்டால் சதுர மீட்டருக்கு 120 கிலோ ஏறும். நாற்பது வயதுத் தளம் அதைத் தாங்குமா என்று மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. எங்களுக்குக் கனம் குறைந்த ஓடுகள்தான் சரி என்றார்கள்.

அடுத்து நீர்க்காப்பு. பூசி முடித்ததும் வடிகுழாய்களை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்தோம். கீழே ஒவ்வொரு அறையிலும் கூரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு ராத்திரி. ஒரு மூலையில், கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் இடத்தில், காலணா அளவுக்கு ஈரம் தெரிந்தது. திரும்பத் திறந்து, மூலையை வளைவாகப் பூசி, மறுபடி தண்ணீர் கட்டினோம். மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். "இப்படியெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்கம்மா" என்றார். பார்க்காததால்தானே இந்த வேலையே வந்தது. ஈரமான இன்சுலேஷன் இன்சுலேஷனே இல்லை. தண்ணீரின் கடத்தும் எண் 0.6, காற்றைவிட இருபத்து நான்கு மடங்கு. நனைந்த பஞ்சு, நனைந்த கம்பளி மாதிரிதான்.

நீர்க்காப்பின் மேல் நுரைப் பலகை, அதன்மேல் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணி, அதற்கு மேல் வெளிர் நிற ஓடு. நீர்க்காப்பைக் கீழே வைத்துப் பலகையை மேலே போடும் இந்த முறையில், அந்தப் பூச்சுக்கும் வெயில் படுவதில்லை, அதனால் அதன் ஆயுளும் கூடும். ஆனால் மழைத் தண்ணீர் பலகை வரை இறங்கும், ஆகவே தண்ணீரை அநேகமாகக் குடிக்காத எக்ஸ்.பி.எஸ்.தான் இதற்கு ஆகும். சாதாரணத் தெர்மாகோலை இங்கே போட்டால் காலப்போக்கில் நீர் ஏறும். பலகை வெயிலில் திறந்து கிடந்தால் மேலே பொடியாகிவிடும், ஆகவே வந்த நாளே மூட வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு கோமாளித்தனம் நடந்தது. பலகையை ஒட்ட யாரோ ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார்கள், பெட்ரோல் வாடை அடிக்கும் பசை. தடவியதும் பலகை எங்கள் கண் முன்னாலேயே கற்பூரம் மாதிரி கரைந்து உள்வாங்கியது. பாலிஸ்டைரீனுக்குப் பெட்ரோல் வகைக் கரைப்பான்கள் ஆகாது. டப்பாவின் பின்பக்கம் அது எழுதியும் இருந்தது.

சின்ன இடங்களில்தான் வெப்பம் நுழையும் என்பதையும் அந்த வெப்பமானி காட்டிக்கொடுத்தது. வேலை முடிந்த பிறகு கூரையின் நடுப்பகுதி 33, 34. ஆனால் கைப்பிடிச் சுவர் உட்காரும் விளிம்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு 37. பலகை முடிகிற இடத்தில் கான்கிரீட் வழியாகச் சூடு சுற்றி உள்ளே வருகிறது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்திலும் ஒரு வரிசை பலகை நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்தவர்களாவது செய்யுங்கள்.

சுவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. மேல்மாடிக்குக் கூரைதான் நாள் முழுக்க வெயில் வாங்குவது. சுவர்களில் மேற்கும், கொஞ்சம் கிழக்கும்தான் தொல்லை. அவற்றுக்கும் இன்சுலேஷனுக்கு முன்னால் நிழல். சாய்ந்து வரும் மாலை வெயிலை மேலே நீட்டிய தாழ்வாரம் தடுக்காது, குறுக்கே செங்குத்தாக ஏதாவது நிற்க வேண்டும். மரம், கொடிப் பந்தல், மூங்கில் தட்டி, பலகைச் சட்டம், எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே திரை போட்டு மூடுவது, திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துவது போல. கண்ணாடி தாண்டிவிட்ட வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும்.

சுண்ணாம்புச் சுவர், மண் சுவர் உள்ள இன்னும் பழைய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. அவை ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருப்பவை. மேலே நுரைப் பலகையும் சிமெண்டும் வைத்து அடைத்தால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் அரிக்கும். புழுக்கமான ஊர்களில் ஏசி ஓடும் அறைகளுக்கு இன்னொரு சங்கடம். குளிர்நாட்டுப் புத்தகங்கள் ஈரத்தடுப்புத் தாளைச் சுவரின் உள்பக்கம் போடச் சொல்லும். அங்கே ஈரம் உள்ளேயிருந்து வெளியே போகிறது. நமக்குத் தலைகீழ், வெளியே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த அறையை நோக்கி வருகிறது. உள்பக்கம் பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்டினால் அதன் பின்னால்தான் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். புத்தகம் எந்த ஊர்க்காரருடையது என்று பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

ஓட்டுக் கூரை, தகரக் கூரை வீடுகளுக்கு வேலை சுலபம். கூரைக்கும் அடிக்கூரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பளபளக்கும் ஃபாயிலை அந்தக் காற்றுவெளியைப் பார்த்து, கீழ்முகமாகக் கட்டலாம். பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சை வெளியே விடுவது மிகக் குறைவு. ஆனால் ஒரு பக்கமாவது காற்று வேண்டும். இரண்டு பக்கமும் எதையாவது அழுத்தி ஒட்டிவிட்டால் அது வெறும் தகடு. மேல்முகமாக வைத்தால் தூசி படிந்து ஒரு வருடத்தில் ஓய்ந்துவிடும். பழைய வீட்டில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கிறது என்றால் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அதற்கென்று பயிற்சி எடுத்தவர்களைக் கூப்பிட வேண்டும்.

நெருப்பைப் பற்றி ஒரு பாரா எழுதாமல் முடிக்க முடியவில்லை. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ வெளிச்சுவர் வழியாக ஏறி 72 உயிர்களை எடுத்தது. வெளியே போர்த்தியிருந்த தகடுகளின் உள்ளே எரியக்கூடிய பாலித்தீன், பின்னால் எரியக்கூடிய நுரைப் பலகை. பழைய கட்டடத்தைப் புதுப்பித்த வேலைதான் அதுவும். கான்கிரீட் தளத்துக்கு மேலே ஓடு போர்த்திய நுரைப் பலகை எனக்குப் பயம் தரவில்லை. அதையே சுவரிலோ, தூங்குகிற அறைக்குள்ளோ திறந்து வைக்க இனி சம்மதிக்க மாட்டேன். அங்கே கல்லிழைப் பஞ்சுதான், அது எரியாது.

இதெல்லாம் முடிந்த முதல் வாரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அனல் போய்விட்டது, ஆனால் விடியற்காலை அறை முன்னைவிடக் கதகதப்பாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. வெப்பத்தை வரவிடாமல் மறிக்கும் அதே பலகை, உள்ளே வந்துவிட்டதைப் போகவிடாமலும் மறிக்கும். முன்பு வெறும் தளம் ராத்திரி வானத்தைப் பார்த்துத் தன் சூட்டைக் கொஞ்சம் இறைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த வாசல் மூடிவிட்டது. ஆக ஜன்னல்கள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பகல் பத்து மணிக்கு எல்லாவற்றையும் சாத்திவிடுவது, வெளியே உள்ளேயை விடக் குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுவது. கூரைக்கு அடியில் பழைய காலத்து வென்டிலேட்டர் ஓட்டைகள் இருந்தன. பூச்சி வருகிறது என்று எப்போதோ அட்டை வைத்து அடைத்திருந்தோம். அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்தோம். இரவிலும் காற்று குளிராத, புழுக்கம் குறையாத ஊர்களில் இந்த உபாயம் பாதிதான் பலிக்கும். அங்கே நன்றாக அடைத்து, சின்ன ஏசியை மெதுவாக ஓடவிடுவதே உத்தமம்.

அப்பாவுக்குப் பகலில் ஜன்னலைச் சாத்துவது பிடிக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம், காற்று வரட்டும் என்று மதியம் திறந்துவிடுவார். "அது காற்று இல்லப்பா, அனல்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். இப்போது அது அவரை விட்டு இறங்குவதில்லை. கூரை, நான்கு சுவர், ஜன்னல் சட்டம், வாசல்படி என்று சுட்டிச் சுட்டிப் பழைய டைரி ஒன்றில் எழுதி வைக்கிறார். ஜன்னலும் பத்து மணிக்குத் தானாகச் சாத்தப்படுகிறது. நேற்று இரவு ஒன்பது மணிக் கணக்கைக் காட்டினார். கூரை 33. கிழக்கு 32. மேற்கு 38, அடியில் இரண்டு கோடு.

"இத விட்டுட்டியே" என்றார்.

கொடிப் பந்தலுக்குக் கம்பி நட ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது.